'நீங்க போயிட்டு வாங்க... நான் இங்கேயே உக்காந்திருக்கேன்!' - ஜவ்வாது மலையில் அம்மா, அப்பாவோடு அவசரமில்லாத ஒரு நாள்

எந்தச் சுற்றுலாத் தலமாக இருந்தாலும் சரி, கார்கள் நிற்கும் இடத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஒரு மரத்தடியிலோ, திறந்திருக்கும் கார் கதவுக்குள்ளோ வயதான ஒருவர் உட்கார்ந்திருப்பார். மடியில் கைப்பைகள், காலடியில் செருப்புகள், பக்கத்தில் பாதி காலியான தண்ணீர் பாட்டில். மொத்தக் குடும்பமும் அருவிக்கோ, வியூ பாயின்ட்டுக்கோ போயிருக்கும். இவர் காவலுக்கு. அரை மணி நேரம் கழித்து ஈரத்தலையோடு ஓடிவரும் பேரன், போனில் எடுத்த படத்தைக் காட்டுவான். 'அடடே, எவ்ளோ தண்ணி!' என்று அவரும் சந்தோஷப்படுவார். 200 கிலோமீட்டர் வந்து, அருவியை போனில் பார்த்திருப்பார்.

'நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேயே உக்காந்திருக்கேன்' என்ற வாக்கியத்தைப் பிள்ளைகள் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அம்மாவுக்கு இஷ்டமில்லை போல என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அதற்குள் பல விஷயங்கள் இருக்கும். முழங்கால் வலி இருக்கும். தன்னால் எல்லோரும் நின்று நின்று போக வேண்டியிருக்குமே என்ற கூச்சம் இருக்கும். போகிற இடத்தில் பாத்ரூம் இருக்குமா என்று வாய்விட்டுக் கேட்க முடியாத கவலை இருக்கும். பிடிக்கவில்லை என்பது மட்டும் அநேகமாக இருக்காது.

கர்நாடகத்தின் மைசூரைச் சேர்ந்த கிருஷ்ணகுமார் கதை பலருக்கு நினைவிருக்கலாம். பெரிய கூட்டுக்குடும்பத்தின் சமையலறையிலேயே வாழ்க்கையைக் கழித்த அம்மா சூடாரத்னம்மாவிடம், எந்தெந்த ஊர்களைப் பார்த்திருக்கிறாய் என்று ஒருநாள் அவர் கேட்டார். பக்கத்தில் இருக்கும் பேலூரைக்கூடப் பார்த்ததில்லை என்றார் அம்மா. அந்தப் பதில் மகனை உலுக்கிவிட்டது. பெங்களூரு வேலையை விட்டார். அப்பா வாங்கிக் கொடுத்த பழைய பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டரில், 70 வயதை நெருங்கிய அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு 2018 ஜனவரியில் கிளம்பினார். 2019 அக்டோபருக்குள் 48,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தார்கள். நேபாளம், பூடான், மியான்மர்கூட அதே ஸ்கூட்டரில்தான். செய்தி பரவி, தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா அவர்களுக்கு ஒரு கார் பரிசளிக்க முன்வந்தார். கார் செய்தியைத்தான் எல்லோரும் பேசினார்கள். ஆனால், அந்தப் பயணத்தில் கவனிக்க வேண்டியது ஸ்கூட்டரின் வேகம். அம்மாவுக்கு எந்த வேகம் ஒத்துவந்ததோ, அந்த வேகத்தில் நாட்டையே சுற்றியிருக்கிறார்கள்.

எல்லோராலும் வேலையை விட முடியாது. விடவும் வேண்டாம். அறநிலையத் துறை நடத்தும் அறுபடை வீடு இலவசப் பயணத்துக்குக்கூட 60 முதல் 70 வயது என்று வரம்பு இருக்கிறது. 70-ஐத் தாண்டியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகளை விட்டால் வேறு யார்? சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அம்மா அப்பாவை அழைத்துப்போய், ஐந்து நாளில் பதினைந்து இடங்களைக் காட்டி, கடைசி நாள் ஹோட்டல் அறையில் கால் வீங்கிப் படுக்க வைக்கும் பிள்ளைகள் உண்டு. பாசத்தில் குறையில்லை, பட்டியலில்தான் கோளாறு. அந்த மாதிரிப் பெரிய பயணத்துக்கு முன்னால், பக்கத்திலேயே ஒரே ஒரு நாள் ஒத்திகை பார்க்கலாம். வட தமிழ்நாட்டில் அதற்குத் தோதான இடம், ஜவ்வாது மலை.

பார்க்க அதிகம் இல்லாததே வசதி

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. பெயரைக் கேட்டதும் பெரியவர்களுக்கு ஜவ்வாதுப் பொடியின் வாசனைதான் நினைவுக்கு வரும். மலையும் வாசனைக்குப் பெயர் போனதுதான், சந்தன மரங்களால். மலையடிவாரத் திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கே இருக்கிறது.

ஊட்டி, கொடைக்கானல் போல இங்கே 'பன்னிரண்டு பாயின்ட்' கிடையாது. அதனால் ஓட வேண்டியதில்லை. ஒன்றைப் பார்க்காமல் விட்டுவிட்டோமே என்ற பதற்றமும் இல்லை. ஊட்டியின் உயரமோ, நடுங்க வைக்கும் குளிரோ இல்லாததால் மூச்சுத் திணறல், மூட்டுவலி உள்ளவர்களுக்கும் அவ்வளவு சிரமம் இருக்காது. மார்கழி, தை மாதங்களில் மட்டும் மஃப்ளர், ஸ்வெட்டர் அவசியம். மழைக்குப் பிந்தைய ஐப்பசியிலிருந்து தை வரை மலை பச்சையாக இருக்கும். அரசு நடத்தும் கோடை விழாவின்போது கூட்டம் அதிகம். பெரியவர்களோடு போகிறவர்கள் அந்த நாள்களைத் தவிர்ப்பது நல்லது.

இந்தப் பகுதிக்கு வழிகாட்டி எழுதும் வழக்கம் புதிதல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான 'மலைபடுகடாம்', செங்கத்து மன்னன் நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் நூல். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாசி படிந்த பாறையில் எப்படி நடக்க வேண்டும் என்றெல்லாம் அதில் பக்குவமாகச் சொல்லியிருக்கிறது. ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு, அதில் சேயாறாக வருகிறது. தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா யாருக்காவது வாய்த்திருந்தால், செங்கம் வழியாகப் போங்கள். வழி முழுக்க வகுப்பு நடக்கும். மறுப்புச் சொல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்னால்...

சென்னையிலிருந்து விடியற்காலையில் கிளம்பி இரவே திரும்பும் திட்டம் வேண்டாம். முதல் நாளே திருவண்ணாமலையிலோ, வேலூரிலோ தங்கிவிடுங்கள். மறுநாள் காலை பெரியவர்கள் எழுந்து, காபி குடித்து, மாத்திரை போட்டு, வயிற்றுச் சிக்கல் இல்லாமல் நிதானமாகக் கிளம்பும் வரை யாரும் 'டைம் ஆச்சு' என்று சொல்லக் கூடாது. அந்த ஒரு வார்த்தைக்காக மாத்திரையை மறந்துவிட்டு வண்டியில் ஏறிய பெரியவர்கள் எத்தனையோ பேர்.

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் சுமார் 40 கிலோமீட்டர். மலைப்பாதையில் வளைவுகள் உண்டு. வாந்தி வரும் என்ற பயம் உள்ளவருக்கு முன் இருக்கையைக் கொடுங்கள். காலையில் இரண்டு இட்லி போதும். பொங்கல், பூரி வேண்டாம். வெறும் வயிறும் வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ, இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். பிஸ்கட், வாழைப்பழம், கொஞ்சம் சர்க்கரை மிட்டாய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், டிக்கியில் அல்ல.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வெளியூர்ப் பயணம் என்றால் பல அம்மாக்கள் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். வழியில் பாத்ரூம் கிடைக்காதே என்ற பயம்தான். சிலர் ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்திருக்கும் நீர் மாத்திரையை யாருக்கும் சொல்லாமல் அன்றைக்கு மட்டும் விட்டுவிடுவார்கள். மதியம் தலை சுற்றும்போது, 'வெயில் ஒத்துக்கல' என்பார்கள். மாத்திரை நேரத்தை மாற்ற வேண்டுமானால் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், 'அம்மா, போளூர்ல ஒரு தடவை வண்டிய நிறுத்துவோம், மேல போனதும் இன்னொரு தடவை' என்று அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவது. அதைக் கேட்ட பிறகுதான் தண்ணீர் பாட்டில் திறக்கும். உணவகங்களில் மேற்கத்திய பாணிக் கழிப்பறை இருக்கிறதா என்று மகளோ, மகனோ முதலில் போய்ப் பார்த்துவிட்டு வருவது இன்னும் நல்லது.

மேலே சில இடங்களில் போன் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் மலை இறங்கித்தான் ஆக வேண்டும். இதய நோயாளிகள், சமீபத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் மருத்துவர் சம்மதம் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

ஏரி போதும், அருவி அடுத்த முறை

ஜமுனாமரத்தூர்தான் மலையின் முக்கியமான ஊர். ஜவ்வாது மலை தாலுகாவின் தலைமையிடம். ஊரை ஒட்டிய ஏரியில் படகுக் குழாம் இருக்கிறது. படகில் ஏறி இறங்குவது சிரமம் என்றால் கரையே போதும். ஒரு மடக்கு நாற்காலியைக் காரில் போட்டுக்கொண்டு போனவர்களுக்கு இந்த இடத்தில் அதன் அருமை தெரியும்.

ஊருக்குப் பக்கத்திலேயே பீமன் அருவி. எல்லோரும் போகும் இடம் அதுதான். ஆனால், அருவிக்கு இறங்கிப் போக வேண்டும். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் அதிக வலி. ஈரப்பாறையில் ஒரு சறுக்கல், இடுப்பெலும்பு முறிவில் போய் முடியலாம். நன்றாக நடக்கும் பெரியவர் என்றால் கைத்தடியோடு, நல்ல பிடிப்புள்ள செருப்போடு பாதி தூரம் வரை போகலாம். முடியாதவரை 'பரவாயில்லம்மா, மெதுவா வா' என்று வற்புறுத்தவும் வேண்டாம், காரில் விட்டுவிட்டுப் போகவும் வேண்டாம். குழந்தைகளுக்கு அருவி வேண்டுமென்றால் பெரியவர்களில் ஒருவர் மாறி மாறித் துணைக்கு உட்காரலாம். அம்மாவோடு தனியாக உட்கார்ந்து பேச அரை மணி நேரம் கிடைக்கிறது. ஊரில் இருக்கும்போது அது யாருக்குக் கிடைக்கிறது?

மலையில் சில இடங்களில் பெருங்கற்காலக் கற்திட்டைகள் இருக்கின்றன. மக்கள் 'குள்ளர் குகை' என்று சொல்வார்கள். பார்க்க வேண்டியவைதான். ஆனால் நடந்து போக வேண்டும் என்பதால் அன்றைய பட்டியலில் அதையும் அடித்துவிடலாம்.

சாமையைக் கண்டதும்...

இந்த மலையில் ஒரு வேடிக்கை நடக்கும். அதுவரை பிள்ளை வழிகாட்டி, அம்மா பின்னால் வருபவர். வயல் ஓரத்தில் வண்டியை நிறுத்தியதும் இது தலைகீழாக மாறிவிடும்.

ஜவ்வாது மலையின் முக்கியமான பயிர் சாமை. மழையோடு விதைத்து, பனிக்காலம் தொடங்கும்போது அறுக்கிறார்கள். கேழ்வரகும் உண்டு. நகரத்துப் பிள்ளைகளுக்கு இரண்டும் வெறும் புல். 70 வயது அம்மாவோ காரிலிருந்தே, 'இது சாமை, அது கேவுரு' என்பார். பிறகு நிறுத்தவே முடியாது. ரேஷன் அரிசி வருவதற்கு முன்னால் வீட்டில் என்ன சமைத்தார்கள், சாமையை உரலில் போட்டுக் குத்தி உமி நீக்க எவ்வளவு நேரம் ஆகும், கை எப்படிக் காய்த்துப்போகும், விருந்தாளி வந்தால் மட்டும் நெல்லுச்சோறு... பிள்ளை பிறந்ததிலிருந்து கேட்டிராத கதைகள் வரும். 2023-ஐ ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு, சூப்பர் மார்க்கெட்டில் பளபளப்பான பாக்கெட்டில் விற்கிறது சாமை. அவருக்கு அது பற்றாக்குறைக் காலத்துச் சோறு. 'அப்போ இதத் தின்னோம்னு சொல்லவே வெட்கமா இருக்கும், இப்ப டாக்டரே திங்கச் சொல்றாரு' என்று சிரிக்கும் அம்மாக்களை இந்தத் தலைமுறையில் நிறையப் பார்க்கலாம்.

மலையில் வாழ்பவர்கள் பெரும்பாலும் 'மலையாளி' எனப்படும் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்து கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பேசுவது தமிழ்தான். தங்கள் முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்களிடையே ஒரு கதை வழங்குகிறது. சாலையோரத்தில் தேன், புளி, பருவத்தில் பலா, சீத்தாப்பழம் விற்பவர்களிடம் பிள்ளைகள் விலை மட்டும்தான் கேட்பார்கள். பெரியவர்கள், 'எந்த ஊரும்மா? எத்தன புள்ளைங்க? இந்த வருஷம் மழை எப்படி?' என்று ஆரம்பிப்பார்கள். பத்து நிமிஷத்தில் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிடும். பின்னால் நின்றுகொண்டு வாட்சைப் பார்க்காதீர்கள். அவர்கள் சுற்றிப்பார்ப்பது இப்படித்தான்.

மதியச் சாப்பாடு ஒரு மணிக்குள் முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். மரத்தடியில் பாய், அல்லது சீட்டைச் சாய்த்து ஒரு தூக்கம். பயணத் திட்டத்தில் 'தூக்கம்' என்று எழுதி வைக்காதவர்கள் மாலை நான்கு மணிக்கு அதற்கான விலையைக் கொடுப்பார்கள்.

அப்பா பார்த்த ஹாலி

மதியத்துக்கு மேல் காவலூர். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வான் இயற்பியல் மையத்தின் வைணு பாப்பு வானாய்வகம் இங்கேதான், கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் காட்டுக்கு நடுவே இருக்கிறது. ஊர் வெளிச்சம் குறைவு. பூமத்திய ரேகைக்கு ஓரளவு அருகில் இருப்பதால் வடக்கு வானத்தோடு தெற்கு வானத்தின் பெரும்பகுதியையும் பார்க்க முடியும். வானியலாளர் வைணு பாப்பு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் இவை. 1968-ல் 38 செ.மீ. விட்டமுள்ள சிறிய தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. அடுத்து வந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி, 1972-ல் வியாழனின் துணைக்கோள் கேனிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான தடயத்தைக் கண்டது. 1977-ல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது அதைப் பதிவுசெய்த ஆய்வகங்களில் காவலூரும் ஒன்று. 1988-ல் இங்கிருந்து கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கியை, 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கிவைத்தார். அந்தக் கனவுக்குச் சொந்தக்காரரான பாப்பு அதைப் பார்க்கவில்லை. 1982-லேயே ஜெர்மனியின் மியூனிக் நகரில் காலமாகிவிட்டார். தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயரைச் சூட்டினார்கள்.

அதே 1986-ல்தான் ஹாலி வால்நட்சத்திரம் வந்தது. இன்று 72 வயதாகும் அப்பாவுக்கு அப்போது 30-ஐ ஒட்டிய வயது. காவலூர் வாசலில் நின்றுகொண்டு, 'ஹாலி வந்தப்போ நீங்க எங்கப்பா இருந்தீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். மொட்டை மாடியில் விடியற்காலையில் ஏறி நின்றது, ஒன்றும் சரியாகத் தெரியாதது, தெரிந்ததாகச் சொல்லிக்கொண்டது, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆகாசத்தைக் காட்டியது... அந்தக் கைக்குழந்தை இப்போது கார் ஓட்டிக்கொண்டு வந்த பிள்ளையாகவே இருக்கலாம். ஹாலி மறுபடி வருவது 2061-ல்.

பொதுமக்களை அனுமதிப்பது பெரும்பாலும் சனிக்கிழமைகளில். நேரமும் விதிமுறையும் மாறக்கூடும் என்பதால், முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். பெரிய தொலைநோக்கிகள் ஆராய்ச்சிக்கானவை. வருகிறவர்களுக்கு வானத்தைக் காட்டுவது சிறிய தொலைநோக்கி வழியாகத்தான், அதுவும் மேகம் இல்லாவிட்டால். படிகள் ஏற வேண்டியிருந்தால் அவசரப்படுத்த வேண்டாம். பின்னால் வரிசை நின்றால் நிற்கட்டும். கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கும், கழுத்து வலி உள்ளவர்களுக்கும் குனிந்து லென்ஸுக்கு நேராகக் கண்ணை வைக்கவே ஒரு நிமிஷம் ஆகும். முதலில் இருட்டுதான் தெரியும். 'ஒண்ணும் தெரியலயே' என்று நகரப் பார்ப்பார்கள். தோளைப் பிடித்துக்கொண்டு, 'இன்னும் கொஞ்சம் பாருங்க' என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

இரவில் மலைப்பாதையில் போளூர் பக்கம் திரும்பி வருவதைவிட, ஆலங்காயம் வழியாக வாணியம்பாடிக்கு இறங்குவது நல்லது. சென்னை - ஜோலார்பேட்டை பாதையில் உள்ள ஊர் என்பதால் அம்மா அப்பாவை ரயிலிலும் ஏற்றிவிடலாம். அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டால் இன்னும் நிம்மதி. கீழே வந்ததும் கால்களைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துப் படுக்கச் சொல்லுங்கள். இரவு மாத்திரையை நினைவுபடுத்துங்கள்.

இரண்டு நாள் கழித்து போன் வரும். ஏரியைப் பற்றியோ, தொலைநோக்கியைப் பற்றியோ இருக்காது. 'அந்தப் பொண்ணுகிட்ட வாங்கினோமே சாமை, ஒரே கல்லுடா. ரெண்டு தடவ அரிச்சேன். ஆனா உப்புமா நல்லாத்தான் வந்துச்சு. உங்கப்பா ரெண்டாவது வாட்டி போட்டுக்கிட்டாரு. அடுத்த தடவ போனா ரெண்டு கிலோ வாங்கணும்.'